பெட்டிக்குப் பத்தாத வீடு

வடலிக்குளத்தில் பார்க்கிறதுக்கு என்று பெரிதாக எதுவும் கிடையாது. கொம்பையா, வன்னியப்பன், சங்கிலி என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். ஒரு ஊருக்கு அது போதும். மூன்று பேரும் தங்கமான பிள்ளைகள். ஒரு வேலையைச் சொன்னால் சொன்னது சொன்னபடி செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறும் அதுதான்.

அவர்களுக்கு மூத்தவள் செல்லக்கிளி. அவள் மகள் வளர்மதிக்கு ஒரு நல்ல சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா பூலோகபாண்டியன் ஒரு தினுசான ஆள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்கும் முன்னால் அடுப்படியைப் பார்ப்பார். இரண்டு வீட்டில் கரி படிந்த சுவரைப் பார்த்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து வந்தவர். செல்லக்கிளி வீட்டு அடுப்படியோ, வெள்ளைப் பூனை உள்ளே போனால் கறுப்பாகத்தான் வெளியே வரும். சுவரும் சாய்ந்து நின்றது. யாராவது பலமாகத் தும்மினால் போதும்.

செவ்வாய்க்கிழமை காலையில் செல்லக்கிளி தம்பிமார் மூவரையும் வரிசையாக நிறுத்தினாள்.

"எலேய், நான் கோயம்புத்தூர் போயி வளர்மதியக் கூட்டிட்டு வாரேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரவ வாராவ. அதுக்குள்ள அந்த அடுப்படிய இடிச்சு, இடிசல ஒரு பெட்டி பிடிச்சு அள்ளி அனுப்பிருங்க. புதுசு கட்டப் போறோம்னு அவுககிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நான் வரும்போது இங்க ஒரு கல்லு கிடக்கக் கூடாது. கல்லு கிடந்தா சம்பந்தம் போச்சு. சம்பந்தம் போச்சுன்னா ஒங்க மூணு பேரையும் கிணத்துல தள்ளிட்டு நானும் குதிச்சிருவேன், பாத்துக்கோ."

"நாலு பேரு குதிச்சா தண்ணி கலங்கிரும்லாக்கா," என்றான் சங்கிலி.

செல்லக்கிளி அவன் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் பஸ் ஏறினாள்.

இடிசல் அள்ளும் இரும்புப் பெட்டிகளை டவுனில் தவசிக்கனி அண்ணாச்சிதான் வாடகைக்கு விடுகிறார். லாரியில் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கி வைப்பார்கள். நாம் நிறைத்துவிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். மூன்று அளவு உண்டு. சின்னது இடுப்பு உயரம், நடுவில் உள்ளது நெஞ்சு உயரம், பெரியது ஆள் உயரம்.

மூவரும் போய் அண்ணாச்சி முன்னால் கைகட்டி நின்றார்கள்.

"எந்தப் பெட்டி வேணும்?" என்றார் அண்ணாச்சி.

"நல்ல பெட்டியா ஒண்ணு," என்றான் கொம்பையா.

அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். இருபது வருஷமாக எல்லோருக்கும் சொல்கிற பாடத்தை இவர்களுக்கும் சொன்னார். "இடிசல் எம்புட்டுன்னு அளந்து பாக்காம பெட்டி எடுக்காதீங்க. நீங்க நெனைக்கதுக்கு ஒரு அளவு கூடவே எடுங்க. விளிம்புக்கு மேல ஒரு கல்லு தலை நீட்டக் கூடாது, ரோட்டுல விழுந்துரும். பாதிப் பெட்டிய வச்சிக்கிட்டு வண்டிய வரச் சொல்லக் கூடாது. நிறையணும். நிறைஞ்ச உடனே எனக்குப் போன் போடணும்."

திரும்பி வரும் வழியெல்லாம் மூன்று பேரும் இதை முருகா முருகா என்பது மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

மத்தியானத்துக்குள் அடுப்படியை இடித்தாகிவிட்டது. இனி அளக்க வேண்டும். கொம்பையா உள்ளே போய் நெல் அளக்கிற படியை எடுத்து வந்தான். இடிசலைப் படியால் அளப்பார்களா என்று கேட்காதீர்கள். அவர்கள் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டில் எதையும் அந்தப் படியால்தான் அளந்தார்கள்.

செங்கல் படிக்குள் போகவில்லை.

"படிய ஒடைக்கவா, செங்கல ஒடைக்கவா?" என்றான் சங்கிலி.

"படி அப்பா வாங்கினது. செங்கல ஒடை," என்றான் கொம்பையா.

ஒவ்வொரு செங்கலையும் கடுகு அளவுக்கு நொறுக்கினார்கள். பிறகு இன்னொரு சிக்கல். படியைக் குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா?

"விக்கும்போது தலை தட்டணும், தானம் குடுக்கும்போது குவிக்கணும்னு அப்பா சொல்லுவாவ," என்றான் வன்னியப்பன். "இப்ப நாம விக்கமா, குடுக்கமா?"

"தூரல்லா போடுதோம்," என்றான் கொம்பையா.

"தூரப் போடுததுக்கு அப்பா ஒண்ணும் சொல்லிவைக்கலையே."

அரைமணி நேரம் யோசித்து, ஒரு படி குவித்து, மறு படி தலைதட்டி என்று முடிவானது. நெல் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று எண்ணுவதில்லை, லாபம் என்றுதான் தொடங்குவது வழக்கம். சங்கிலியும் "லாபம்" என்று தொடங்கினான். கொம்பையா அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடுப்படி போயிட்டு, இதுல என்னலே லாபம்? நட்டம்னு ஆரம்பி."

"நட்டம், ரெண்டு, மூணு..." என்று சாயங்காலம் வரை அளந்தார்கள்.

ஆயிரத்து முன்னூற்று நாற்பது படி. போனில் கேட்ட அண்ணாச்சிக்குத் தலை சுற்றியது. "நெல்லா இருந்தாலும் சரி, கல்லா இருந்தாலும் சரி, அதுக்குச் சின்னப் பெட்டி போதும்யா," என்றார்.

போனைப் பொத்திக்கொண்டு கொம்பையா கேட்டான்: "சின்னதுன்னு நெனைக்காவ. அப்பம்னா நாம எடுக்க வேண்டியது?"

"ஒரு அளவு கூட!" என்றார்கள் தம்பிமார்.

புதன்கிழமை விடியவும் நடுப்பெட்டி வந்து இறங்கியது. அள்ளிப் போட்டார்கள். நொறுக்கின இடிசல் நெருங்கி உட்கார்ந்துகொண்டது. முழங்கால் உயரம்கூட வரவில்லை.

"பாதிகூட நிறையலையே. வண்டி வராதே," என்றான் வன்னியப்பன். அழுகிற மாதிரி இருந்தது அவன் முகம். "வண்டி வரலன்னா கல்லு இங்கயே கிடக்கும். அக்கா..."

மூவரும் கிணற்றைத் திரும்பிப் பார்த்தார்கள். கிணறு ஆழமாகத்தான் இருந்தது.

"குளிக்கிற ரூமு எதுக்கு? எல்லாரும் குளத்துலதான குளிக்கோம்?" என்றான் சங்கிலி.

குளிக்கிற அறை பெட்டிக்குள் போனது. இன்னும் ஒரு முழம் குறைந்தது. பின்பக்கத்துச் சுவர் போனது. அக்கா சாமான்கள் மேல் தூசி படக் கூடாது என்று கட்டில், பீரோ, சாமி படம், துணிமணி எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் பூப்போல இறக்கி வைத்துவிட்டுத்தான் இடித்தார்கள். அந்தப் பொறுப்பெல்லாம் அவர்களுக்கு உண்டு.

பொழுது சாயும்போது பெட்டி நிறைந்தது. மூன்று செங்கல் மட்டும் விளிம்புக்கு மேல் தலை நீட்டிக்கொண்டு நின்றது.

"அதை எடுத்துக் கீழ போட்டா என்ன?" என்றான் சங்கிலி.

"கீழ ஒரு கல்லு கிடக்கக் கூடாதுலே!" என்றான் கொம்பையா.

"மேல நிக்கக் கூடாது, கீழ கிடக்கக் கூடாது. அப்பம் கையில வச்சிக்கிடுவோம். ஆளுக்கு ஒண்ணு."

கையில் ஆளுக்கொரு செங்கலோடு ராத்திரிக் கஞ்சி குடித்துப் பார்த்தார்கள். தோதுப்படவில்லை. மூன்று செங்கலுக்கு ஒரு பெட்டி எடுத்தே ஆக வேண்டும். சின்னப் பெட்டி போதும் என்று மூவருக்கும் தோன்றியது. அப்படித் தோன்றியதால் நடுப்பெட்டிக்குச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை காலையில் இரண்டாவது நடுப்பெட்டி வந்தது. நடுவில் மூன்று செங்கலை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"நிறைக்கணுமே," என்றான் கொம்பையா.

மூவரும் மீதி வீட்டைப் பார்த்தார்கள். மூன்று பக்கம்தான் பாக்கி இருந்தது. அதுவும் பார்க்கிறதுக்கு நன்றாகவா இருந்தது?

இருட்டுவதற்குள் வீடு பெட்டிக்குள் போய்விட்டது. விளிம்புக்குச் சரியாக, ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கட்டித் தழுவிக்கொண்டார்கள். அப்போதுதான் வன்னியப்பன் எதிலோ கால் இடறிக் குப்புற விழுந்தான்.

வாசற்படிக் கல்.

"ரெண்டு தடவையும் நடுப்பெட்டி பத்தலை," என்றான் கொம்பையா. "அதனால இந்தக் கல்லுக்கு நடுப்பெட்டி வேணும்னு நான் நெனைக்கேன்."

"அப்பம்னா பெருசு!" என்றார்கள் தம்பிமார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி வந்து நிறைந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துப்போனது. கடைசியாகப் பெரிய பெட்டியை வேப்பமரத்து நிழலில் இறக்கி வைத்தது. புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்த பெட்டி, பின்பக்கம் கதவு. உள்ளே அவர்கள் தூக்கி வைத்த வாசற்படிக் கல் ஒன்றுதான் கிடந்தது. டிரைவர், "நிறைஞ்சா சொல்லுங்க, டீக்கடையிலதான் இருப்பேன்" என்று போய்விட்டார்.

நிறைப்பதற்கு ஊரில் அவர்களுக்கு இன்னொரு வீடு கிடையாது. மூவரும் பெட்டிக்குள் போய்க் கல்லின்மேல் வரிசையாக உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்கள்.

பத்து மணிக்கு வேன் வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டிலேயே சம்பந்தி வீட்டாரைப் பார்த்து, செல்லக்கிளியும் வளர்மதியும் அவர்களோடே வந்துவிட்டார்கள். செல்லக்கிளி இறங்கினாள். வீடு இருந்த இடத்தைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள். தெரு மாறி வந்துவிட்டோமோ என்று அடுத்த வீட்டைப் பார்த்தாள்.

"யக்கா, ஒரு கல்லு கிடக்கல பாத்துக்கோ!" என்றான் கொம்பையா.

செல்லக்கிளி வாய் திறப்பதற்குள் பூலோகபாண்டியன் இறங்கி, வழக்கம்போல, "அடுப்படி எங்க?" என்றார்.

செல்லக்கிளியின் மூளை மூன்று தம்பிமாருக்கும் சேர்த்து வேலை செய்து பழகின மூளை.

"அண்ணாச்சி, நம்ம வீட்டு நல்ல காரியம் நடக்கும்போது பழைய வீடு எதுக்குன்னு பூராவும் எடுத்துட்டோம். மாடி வீடு வருது. அடுப்படி மேலயும் ஒண்ணு, கீழயும் ஒண்ணு."

பூலோகபாண்டியன் வெறும் மண்ணைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கரியே இல்ல!" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "இப்படிச் சுத்தமான வீட்ட நான் பாத்ததே இல்ல. இன்னைக்கே தட்ட மாத்திருவோம்."

வெயில் ஏறியது. நிழலில் இருந்தது அந்தப் பெட்டிதான். ஜமுக்காளத்தை விரித்து எல்லோரையும் உள்ளே உட்காரவைத்தாள் செல்லக்கிளி. தம்பிமாரை, "வெளிய நில்லுங்க, வாயத் தொறக்காதீங்க" என்று துரத்திவிட்டாள்.

வெளியே நின்ற சங்கிலி தலைகளை எண்ணினான். "லாபம், ரெண்டு, மூணு..." வளர்மதியோடு பதினாலு பேர். உட்கார்ந்திருந்தபோது பெட்டி பாதிதான். தட்டு மாற்ற எல்லோரும் எழுந்து நின்றார்கள் பாருங்கள், பெட்டி விளிம்புக்குச் சரியாக நிறைந்துவிட்டது!

சங்கிலிக்குப் புல்லரித்தது. நிறைந்த உடனே போன் போட வேண்டும். போட்டான். அண்ணாச்சி டீக்கடைக்குச் சொல்லி டிரைவரை அனுப்பினார்.

"ஆனா மாப்பிள்ளையோட அப்பா தலை விளிம்புக்கு மேல நீட்டுது," என்றான் வன்னியப்பன். சம்பந்தி வீட்டாரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பதால் கொம்பையா எட்டி அவர் தலையை மெதுவாக அமுக்கினான். தட்டு வாங்கும்போது குனிய வேண்டும் என்பது இவர்கள் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று அவரும் பணிவாகக் குனிந்தார்.

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. லாரியின் இரும்புச் சங்கிலியை மாட்டுகிற சத்தம் கேட்டது. பெட்டி மேலே எழும்பியது.

"என்ன இது, என்ன இது?" என்றார் பூலோகபாண்டியன், தட்டைப் பிடித்துக்கொண்டு.

"எங்க பக்கம் நிச்சயம்னா ஊர்வலம் உண்டு அண்ணாச்சி," என்றாள் செல்லக்கிளி, தேங்காயைப் பிடித்துக்கொண்டு.

"ஒரு பல்லக்குல சம்பந்தி வீட்டையே ஏத்துற ஊர இப்பத்தான் பாக்கேன்!" என்று அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். போகிற போக்கில், குளத்து மதகைத் தாண்டும் முன்னால், தட்டு மாறிவிட்டது.

தம்பிமார் மூவரும் பின்னால் ஓடினார்கள். ஏறவில்லை. ஏறினால் விளிம்பு தாண்டிவிடும் அல்லவா?

டவுனில் தவசிக்கனி அண்ணாச்சி ஏணி போட்டு ஏறிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பட்டுச் சேலை, பூ, பழம், பதினாலு பேர். லாரி ஆடின ஆட்டத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னவே இது? பெட்டி பாதிதான் இருக்கு!" என்றார்.

"நின்னா நிறையும் அண்ணாச்சி, இப்ப உக்காந்துட்டாவ," என்றான் சங்கிலி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"அதெல்லாம் செல்லாது. பாதிப் பெட்டிய நான் எடுக்கதே இல்ல."

மூவரும் வெட்கத்தோடு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொம்பையா ஏறிக் குதித்தான். வன்னியப்பன் ஏறிக் குதித்தான். சங்கிலியும் குதித்தான். "எல்லாரும் எந்திரிங்க," என்று செல்லக்கிளி சொல்ல, எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"இப்ப நிறைஞ்சுட்டா அண்ணாச்சி?"

அண்ணாச்சி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வலது மூலையில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. இருபது வருஷத்தில் ஒரு நாளும் அவர் குறைப் பெட்டியை அனுப்பியதில்லை. ஏணியில் நின்றபடி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

பெட்டிக்குள் இறங்கி, மூலையில் போய் நின்றுகொண்டு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, டிரைவரைப் பார்த்துச் சத்தம் கொடுத்தார்:

"நிறைஞ்சுட்டு, எடுலே வண்டிய!"