பச்சை முட்டையிட்ட கோழி

கரட்டூர் மலையடிவாரத்து மடத்தில் கோழிகள் உண்டு. மடத்தில் கோழியா என்று முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. பக்கத்து மாரியம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் உயிரோடு விட்டுவிட்டுப் போன கோழிகள் அவை. போக்கிடம் இல்லாமல் வேலி தாண்டி உள்ளே வந்தன. மடத்தின் குரு தெய்வானையம்மாள் விரட்டவில்லை. வந்தவர்களை விரட்டும் வழக்கம் அந்த மடத்தில் கிடையாது. பொன்னுரங்கத்தையே வைத்துக்கொண்டிருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொன்னுரங்கம் பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றபின் சீடராக வந்தவர். குருவைவிட வயதில் ரொம்பவே மூத்தவர். அதனால் அவர் குருவை அம்மா என்பார், குரு அவரை ஐயா என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

பௌர்ணமிக் கூட்டம் முடிந்த மறுநாள் காலை, பொன்னுரங்கம் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். தெய்வானையம்மாள் கோழிகளுக்குக் கம்பு இறைத்துக்கொண்டிருந்தார்.

"நான் கிளம்பறேனுங்கம்மா. இனி வரமாட்டேன்."

"சரிங்கய்யா."

ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தார். கம்பு தீரும்வரை அம்மா கேட்கவில்லை. கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"ஒரு கேள்விங்கம்மா. எம் பொருளை இன்னொருத்தன் தன்னுதுன்னு சொல்லி மாலை போட்டுக்கிட்டா, நான் என்ன பண்றது?"

நடந்தது இதுதான். கிணற்றடியில் பேச்சுவாக்கில் பொன்னுரங்கம் ஒன்று சொன்னார். "போன பஸ்ஸு பின்னாடி ஓடறவன், அந்த பஸ்ஸோட முதுகைத்தான் பார்க்கறான். அடுத்த பஸ்ஸு ஸ்டாண்டுக்குள்ள வர்றது அவன் கண்ணுக்குத் தெரியறதில்ல." முப்பது வருஷம் பஸ் நிலையத்தில் நின்று அவர் கண்டது அது. கேட்டுக்கொண்டிருந்தவர் குழந்தைவேலு. அவரும் சீடர்தான், ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் பேசிப் பழகிய வாய். பௌர்ணமிக் கூட்டத்தில் அதையே எடுத்து விரித்தார். "எனக்கு ஒருநாள் தோணுச்சுங்க" என்று வேறு சொல்லிவிட்டார். கூட்டம் கண்ணைத் துடைத்தது. பொன்னுரங்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கேட்கலாம் என்றால், நாலு பேர் கூடினாலே அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அவரு பண்ணினது தப்புத்தான்," என்றார் தெய்வானையம்மாள். "அதை அவர்கிட்ட நான் பேசிக்கறேன். நீங்க உங்களைப் பத்திக் கேட்டீங்க. பதில் சொல்றேன். அதுக்கு முந்தி எனக்கு ஒரு வேலை பண்ணிக் கொடுங்க."

"சொல்லுங்க."

"நம்ம முட்டையில ஒண்ணு ஓடு பச்சை நிறமா வருது பாருங்க. எந்தக் கோழி போடுதுன்னு பார்த்துச் சொல்லிட்டுப் போங்க."

இதென்ன பெரிய வேலை என்று பொன்னுரங்கம் பையை இறக்கி வைத்தார். பச்சை முட்டைகள் மூலைக்கூடையில் அடைகாத்துக்கொண்டிருந்த வெள்ளைக்கோழியின் அடியில் இருந்தன. நேராகத் திரும்பி வந்தார்.

"வெள்ளைக்கோழிங்கம்மா."

"அடையில உட்கார்ந்த கோழி முட்டை போடுமுங்களா?"

போடாது. அதுகூடத் தெரியாமல் சொல்லிவிட்டோமே என்று அவருக்குக் கூச்சமாகிவிட்டது. அன்றைய பஸ் போனது.

மறுநாள் கூடைப்பக்கமே உட்கார்ந்தார். கண்ணயர்ந்த நேரத்தில் ஒரே கொக்கரிப்பு. விழித்துப் பார்த்தால், கூடையின் விளிம்பில் கருங்கோழி நின்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. கூடைக்குள் புதிதாக ஒரு பச்சை முட்டை, கை வைத்தால் சூடு. பொன்னுரங்கம் ஓடினார்.

"கருங்கோழிதானுங்கம்மா. அதுதான் கொக்கரிச்சுது."

"போட்டதைப் பார்த்தீங்களா, கொக்கரிச்சதைப் பார்த்தீங்களா?"

பொன்னுரங்கம் கூடைப்பக்கம் திரும்பி நடந்தார். இப்போது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மடத்தில் இருந்த மூங்கில் பஞ்சாரங்களை எல்லாம் எடுத்து, ஒவ்வொரு கோழியையும் தனித்தனியே கவிழ்த்து மூடினார். தண்ணீர் வைத்தார், தீனி வைத்தார், காவல் இருந்தார். குழந்தைவேலு அந்தப் பக்கமாக வந்தவர், இவர் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கமாகப் போனார்.

பஞ்சாரங்களைத் தூக்கியபோது அவர் நினைத்தது ஒன்றும் சரியாக இல்லை. கருங்கோழி பால்வெள்ளையாகப் போட்டிருந்தது. தளதளவென்றிருந்த சிவப்புக்கோழி ஓடே இல்லாமல் தோல்முட்டை போட்டிருந்தது. புள்ளிக்கோழி ஒன்றுமே போடவில்லை. கடைசிப் பஞ்சாரத்தில் கழுத்தில் இறகில்லாத மொட்டைக்கழுத்துக்கோழி. அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதன் அடியில் கிடந்தது பச்சை முட்டை.

பொன்னுரங்கம் அதன் முன்னால் குந்தினார். "உன்னுதா தாயி," என்றார்.

மறுநாள் விடிந்ததும், சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் நேரம் உறுதிதானா என்று விசாரிக்க ரோட்டுக்கு இறங்கினார். அங்கே ராக்கியப்பனின் டீக்கடை திறந்திருந்தது. பெண்டாட்டி செத்ததிலிருந்து பூட்டிக்கிடந்த கடை. அந்தப் பூட்டைத் தாண்டித்தான் பொன்னுரங்கம் தினமும் நடைக்குப் போவார்.

"எப்பத் திறந்தீங்க?"

"பௌர்ணமிக்கு அடுத்த நாளுங்க. குழந்தைவேலண்ணன் பேசினாருல்ல, போன பஸ்ஸோட முதுகுன்னு. கேட்டுட்டு வந்து ராத்திரி பூரா படுத்தே கிடந்தேன். காலையில எந்திரிச்சுப் பாலுக்குச் சொன்னேன். இந்தாங்க."

டம்ளரைக் கையில் வைத்தார். அது எம் பேச்சு என்று சொல்ல பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். ராக்கியப்பன் அடுத்த ஆளுக்கு ஆற்றத் தொடங்கியிருந்தார். பொன்னுரங்கம் டீயைக் குடித்துவிட்டு மடத்துக்கு ஏறினார்.

தெய்வானையம்மாள் மூலைக்கூடை அருகே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேனுங்கம்மா. மொட்டைக்கழுத்து. என் கண்ணால பார்த்தேன். வெள்ளைக்கோழி அடியில இருக்கற பச்சை முட்டை எல்லாம் அதோடதுதான்."

"நல்லதுங்கய்யா. வெள்ளைக்கோழிகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"அதுகிட்ட எதுக்குங்க?"

"மொட்டைக்கழுத்துகிட்ட?"

"சொன்னேனுங்க."

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலைங்க. குப்பையைக் கிளறப் போயிடுச்சு."

அம்மா சிரிக்கவில்லை. வெள்ளைக்கோழியின் இறகை மெல்ல ஒதுக்கினார். முதலில் அடைவைத்த முட்டைகளில் ஒன்று, அடையாளத்துக்குக் கரிக்கோடு போட்டுவைத்த பச்சை முட்டை, பிளந்து கிடந்தது. ஓட்டின் பாதியை முதுகில் சுமந்துகொண்டு ஒரு குஞ்சு ஈரத்தோடு எழுந்து நிற்கப் பார்த்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.

"இதுக்கு முன்னாடி மொட்டைக்கழுத்து போட்டது எல்லாம் என்னங்கம்மா ஆச்சு?" என்றார் பொன்னுரங்கம்.

"வேலி ஓரம் போட்டுட்டுப் போயிடும். அது ஒருநாளும் அடை உட்கார்ந்ததில்ல. நாம எடுத்தது போக மிச்சமெல்லாம் கூமுட்டைதான்."

பொன்னுரங்கம் குஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. கிளம்பும் நேரம் அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் விடுகிறவர் இல்லை.

"முட்டை மொட்டைக்கழுத்தோடதுங்கம்மா. அது நெசம்."

"நெசந்தானுங்க. நான் இல்லைன்னு சொல்லலையே."

"அப்ப இந்தக் குஞ்சு யாரோடது? அதைச் சொல்லுங்க, நான் போறேன்."

தெய்வானையம்மாள் வெள்ளைக்கோழியின் இறகைப் பழையபடி மூடிவிட்டார். குஞ்சு அதற்குள் மறைந்தது. அம்மா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"ராக்கியப்பன் கடை திறந்திருக்குதாமே. டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேனுங்க."

"சூடா இருந்துச்சுங்களா ஐயா?"