ஓடு கழற்றிய மயிலப்பன்

ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இரண்டு கும்பிடு இறால்கள் இருந்தன. ஒன்று மயிலப்பன், மற்றது பச்சைமுத்து. கும்பிடு இறால் என்றதும் ஏமாந்துவிடாதீர்கள்! முன்கைகளை மடக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் கோயில் வாசலில் நிற்கும் பக்தர் மாதிரிதான் தெரியும். அந்தக் கையை வீசினால் நத்தை ஓடு சுக்குநூறு!

இப்படிப்பட்ட முரடர்களை ஒரே தொட்டியில் விடலாமா? கூடாது. ஆனால் கடைக்காரர், "சார், இது ஜோடி! புருஷன் பொண்டாட்டி!" என்று சொல்லி, வீட்டில் மீன் தொட்டி வைத்திருந்த தூத்துக்குடி பெர்க்மான்ஸ் தலையில் கட்டிவிட்டார். இரண்டுமே ஆண்! அது தெரியாத மனுஷன், ஒரே ஒரு பொந்து உள்ள பாறையை வைத்து, "சண்டை போடாம குடும்பம் நடத்துங்க" என்று வாழ்த்தி உள்ளே விட்டார்.

முதல் நாளே பொந்துக்குச் சண்டை. ஆனால் கும்பிடு இறால்களின் சண்டைக்கு ஒரு முறை உண்டு. ஒருவன் சுருண்டு வாலை முன்னால் நீட்டுவான். வால் ஓடு கேடயம் மாதிரி கெட்டியாக இருக்கும். மற்றவன் அதில் குத்துவான். பிறகு இவன் குத்த, அவன் வாங்குவான். யாருக்குத் தாங்கவில்லையோ அவன் ஒதுங்கிப் போகவேண்டும். உயிருக்குச் சேதமில்லை.

மூன்றாம் குத்தில் பச்சைமுத்து ஒதுங்கினான். தொட்டி மூலையில் கிடந்த உடைந்த பூந்தொட்டித் துண்டுக்கு அடியில் குடியேறினான். ஆனாலும் விடுவானா? தினமும் காலையில் பொந்து வாசலுக்கு வந்து, "வா லே, பாத்துருவோம்!" என்பான். டக்! டக்! டக்! வீட்டுக் கூடம் முழுக்கக் கேட்கும்.

"என்னங்க, யாரோ கதவத் தட்டுறாங்க!" என்று பெர்க்மான்ஸின் மனைவி பிலோமினா ஓடிப்போய்த் திறப்பார். வாசலில் ஈ காக்கா இருக்காது.

ஒரு நாள் காலையில் சத்தமே இல்லை. மயிலப்பன் வாசலைக் கல்லால் அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தான். இறால் வளரவேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும். புது ஓடு கெட்டியாகச் சில நாள் பிடிக்கும். அதுவரை உடம்பு முழுக்க இட்லிதான்! குத்தவும் முடியாது, குத்து வாங்கவும் முடியாது. ஒரே ஒரு குத்து விழுந்தாலும் உயிர் போய்விடும்.

அதே தொட்டியில் சங்கு நண்டு ஒன்றும் இருந்தது. செத்த நத்தையின் சங்குக்குள் குடியிருந்துகொண்டு, கிடைத்த மிச்சம் மீதியைத் தின்று பிழைக்கும். அது கல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தது. வாயில் எச்சில் ஊறியது. 'மயிலப்பன் செத்தால் ஒரு வாரத்துக்கு விருந்து!'

நேரே பூந்தொட்டிக்கு ஓடியது.

"அண்ணாச்சி, அண்ணாச்சி! சேதி தெரியுமா? மயிலப்பன் ஓட்டக் கழத்திட்டான்!"

"நெசமாவா?" என்றான் பச்சைமுத்து.

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்! ஒரே குத்து. பொந்து உங்களுக்கு!"

"இதுல உனக்கு என்னலே கிடைக்கும்?"

"எனக்கென்ன அண்ணாச்சி, உங்க சந்தோஷந்தான்!"

பச்சைமுத்து கிளம்பிவிட்டான். வாசல் கல்லை ஒரே தட்டில் தள்ளினான். அடுத்த நொடி மயிலப்பன் பாய்ந்து வந்தான். இரண்டு கைகளையும் அகல விரித்தான். "வா லே! இன்னைக்கு மூணு குத்து இல்ல, முப்பது! தைரியம் இருந்தா வால நீட்டு!"

பச்சைமுத்து உற்றுப் பார்த்தான். குரல் என்னவோ இடிதான். ஆனால் விரித்த கை நடுங்கியது. மீசை நடுங்கியது. பின்னால் பழைய ஓடு கிடந்தது. போன கோடையில், கடலில், ஒரு கல்லுக்கு அடியில் தானும் இப்படித்தான் மூன்று நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தது அவனுக்கு நினைவு வந்தது.

"குத்துங்க அண்ணாச்சி!" என்று பின்னாலிருந்து நண்டு கிசுகிசுத்தது.

பச்சைமுத்து கையை ஓங்கினான். மயிலப்பன் அசையவில்லை. பின்வாங்க இடமும் இல்லை.

"ஆத்தாடி!" என்று அலறினான் பச்சைமுத்து. "என்னா ஆவேசம்! ஆள விடுப்பா சாமி!"

அப்படியே பின்பக்கமாக உருண்டான். போகிற போக்கில் கல்லை இழுத்து வாசலில் வைத்துவிட்டு ஓடினான்.

நண்டு வாயைப் பிளந்தது. "என்ன அண்ணாச்சி, பயந்துட்டீங்களா?"

"ஆமாலே, ரொம்பப் பயம்!"

உள்ளே மயிலப்பனுக்கு ஒரே பெருமை. 'நம்ம நடிப்பு எப்படி!' என்று மீசையை முறுக்கினான். அப்புறம்தான் வாசலில் இருந்த கல்லைப் பார்த்தான். பயந்து ஓடுகிறவன் கதவைச் சாத்திவிட்டா போவான்? மயிலப்பன் வெகுநேரம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மாதம் போனது. இப்போது பச்சைமுத்து ஓட்டைக் கழற்றும் முறை. நண்டு சும்மா இருக்குமா? மயிலப்பனிடம் ஓடிப்போய், "அண்ணாச்சி, இப்ப விட்டா எப்ப?" என்று ஏற்றிவிட்டது. மயிலப்பனும் மார்பை நிமிர்த்திக்கொண்டு புறப்பட்டான். பின்னாலேயே போன நண்டுக்குத் தலைகால் புரியவில்லை. 'விருந்து தின்றால் வயிறு பெருக்குமே! பெரிய சங்கு வேண்டுமே!' என்று அங்கேயே பழைய சங்கிலிருந்து இறங்கி, பக்கத்தில் காலியாகக் கிடந்த பெரிய புதுச் சங்குக்குள் ஏறப் போனது.

பூந்தொட்டி வாசலில் பச்சைமுத்து கைகளை விரித்தான். "வா லே! முப்பது இல்ல, முந்நூறு!"

"ஐயையோ! என்னப் பெத்த ஆத்தா!" மயிலப்பன் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. திரும்பிப் பாய்ந்தவன் நேரே நண்டின் மேல் மோதினான். பழைய சங்கு ஒரு பக்கம் உருண்டது. புதுச் சங்கு இன்னொரு பக்கம் உருண்டது. நடுவில் நண்டு, அந்தச் சங்கும் இல்லாமல் இந்தச் சங்கும் இல்லாமல், மெத்தென்ற வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"அண்ணாச்சி! கும்பிடுறேன்! கொன்னுராதீங்க!"

மயிலப்பன் கையை ஓங்கினான். பச்சைமுத்துவைத் திரும்பிப் பார்த்தான். பச்சைமுத்துவின் மீசையில் சிரிப்பு ஓடியது.

"ஆத்தாடி! இவனப் பாத்தா அவனவிடப் பயமா இருக்கே!" என்று கத்திய மயிலப்பன், பெரிய சங்கை நண்டின் பக்கம் உருட்டிவிட்டு ஓட்டமாய் ஓடினான்.

அதற்குப் பிறகு நண்டு கோள் சொன்னதே இல்லை. பத்து நாள் கழித்து, பச்சைமுத்துவின் ஓடு கெட்டியானதும், காலையில் மறுபடியும் டக்! டக்! டக்! பிலோமினா போய்க் கதவைத் திறந்தார்.

எதிரி ஓடு கழற்றிக் கிடக்கும் நாளில் அவன் வாசலில் கல்லை வைத்துவிட்டு வருகிறவனே பலசாலி. ஓடு கழற்றும் நாள் எல்லாருக்கும் வரும்.