கடைசிக் கூடத்தின் சாவி

திருமேனிநாதனுக்குத் தலை முழுக்க நரை. அவருடைய குரு செங்காட்டம்மாவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. அவ்வளவு பெரிய மனுஷர் பணிந்து "அம்மா" என்று கூப்பிடும்போது புதிதாக வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். குரு மட்டும் சாதாரணமாக, "சொல்லுங்க இயக்குநரே" என்பார்.

அவர் நிஜமாகவே இயக்குநர்தான். நகரத்தின் நட்டநடுவில், ஜவுளிக்கடைகளுக்கு மத்தியில், கண்ணாடியும் கான்கிரீட்டுமாக எழுந்து நின்ற அருங்காட்சியகத்துக்கு.

திறப்பு விழாவில் பேசிய பிரமுகர், மைக்கைக் கடித்து விழுங்கிவிடுகிறவர்போல் நின்று, இது கட்டடமல்ல, காலத்தின் கண்ணாடி என்று முழங்கினார். கைதட்டல் ஓய்ந்தது. மழை வந்தது. தாழ்வான தெருக்காரர்கள் பாயும் பாத்திரமுமாகக் கீழ்த்தளத்தில் குடியேறினார்கள். அவர்கள் போனதும் தடுப்பூசி முகாம். அடுத்த ஆள் வா, கையை மடக்கு, அழாதே, அடுத்த ஆள் வா என்று ஒலிபெருக்கி ஒரே மூச்சில் கத்தியது. அப்புறம் தேர்வு மையம், அப்புறம் சமையல் போட்டி. ஒவ்வொன்றுக்கும் இடம்விட்டு, சிலைகள் கிடங்குக்குப் போயின.

மிஞ்சியது மாடியில் ஒரே ஒரு கூடம். இப்போது அதற்கும் ஆள் வந்தாயிற்று. ஜவுளிக்கடைகளில் நின்று வேலை செய்கிற பெண்கள், பிள்ளைகளை விட்டுப்போக ஓர் இடம் கேட்டார்கள். மாநகராட்சி சரி என்றுவிட்டது. சாயங்காலம் சாவி வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி முன்னமே வந்து அண்ணாந்து பார்த்து, விளக்கு மாட்டும் கொக்கி தூளியைத் தாங்குமா என்று அவரிடமே விசாரித்தாளாம். சாவியை மடியில் முடிந்துகொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுவதாக உத்தேசம் என்று, பார்க்க வந்திருந்த குருவிடம் சொன்னார் திருமேனிநாதன்.

"குடுக்கவா, வேண்டாமா? நீங்க சொல்லுங்கம்மா."

"கூடத்தைக் காட்டுங்க" என்றார் குரு.

மாடிப்படியில் அந்தப் பெண்கள் அதற்குள்ளேயே வந்து காத்திருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, டாக்டரைப் பார்ப்பதுபோலத் திருமேனிநாதனைப் பார்த்தாள். அவர் பார்க்காததுபோல் ஏறிப்போய்க் கதவைத் திறந்தார்.

கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டி. உள்ளே இடுப்புயரத்துக்கு ஒரு மண்தாழி. அதைக் கண்டதும் திருமேனிநாதனின் குரல் தானாகவே மாறியது.

"இது முதுமக்கள் தாழி. ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகள் பழமையானது. ஆற்றங்கரை மேட்டிலிருந்து அடியேன் முன்னின்று எடுத்தது."

"எதுக்காகச் செஞ்சது?"

"இறந்தவரை உள்ள வச்சுப் புதைக்கம்மா."

"உள்ள ஆள் இருந்தாரா?"

"எலும்பு இருந்தது. அது கிடங்குல தனிப் பெட்டியில இருக்கு."

குரு பெட்டியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். திருமேனிநாதனுக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்கோ கட்டினதை எதுக்கோ எடுத்துக்கிறாங்க. இத்தனை வருஷம் உள்ளயே கிடந்தவன் நான். ஒரு வார்த்தை கேட்டாங்களாம்மா?"

செங்காட்டம்மா குனிந்து, கண்ணாடி வழியாகத் தாழியின் வாயை எட்டிப் பார்த்தார்.

"நீங்க கேட்டீங்களா, இயக்குநரே?"