எண்பதுக்கு மேல் பேட்டரி அவசரப்படாதது ஏன்?

அந்தக் காலத்தில் பேட்டரிகளுக்கு வாய் இருந்தது. ரொம்பப் பழைய காலம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், மின்சாரக் கார்கள் வந்த புதிது. ஓட்டுகிறவர்களோடு பேட்டரி பேசும், சண்டைகூடப் போடும். ஆனால் சார்ஜர் ஓட்டுகிறவர் சொன்னதைத்தான் கேட்கும். பேட்டரியின் பேச்சு அங்கே எடுபடாது.

திண்டிவனத்தில் பூங்காவனம் என்றொரு டாக்சிக்காரி இருந்தாள். வாசலில் நிறைகுடம் வைக்காமல் எந்த நல்ல காரியத்துக்கும் கிளம்பாத குடும்பம். அந்தப் பழக்கத்தைக் காரிலும் கொண்டுவந்து புகுத்தினாள். திரையில் நூறு சதவீதம் வராமல் பைபாஸ் ரோட்டுச் சார்ஜரை விட்டு வண்டி நகராது. அந்த நூறும் வேகமாக வந்தாக வேண்டும்.

"அக்கா, எண்பது வரைக்கும் வேகமா ஏத்து, ஓரளவு தாங்கிக்கிறேன். அப்புறம் மெதுவா," என்று பேட்டரி கெஞ்சும். "காலி பஸ்ஸுல ஓடிவந்து ஏறலாம். நெறஞ்ச பஸ்ஸுல பின்னாலருந்து தள்ளினா? உள்ள வர்ற லித்தியம் துகளுக்கு உக்கார எடமில்ல. வாசப்படியிலயே ஒட்டிக்கிட்டுக் கெட்டியாயிடுது. அப்புறம் அது எந்திரிக்கறதே இல்ல. சூடு வேற ஆளக் கொல்லுது."

"கொறகொடத்தோட கெளம்பச் சொல்றியா? வாய மூடு," என்பாள் பூங்காவனம்.

திரை தினமும் நூறு என்றே காட்டியது. குடமே சுருங்கிக்கொண்டு வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் அவள் தங்கை தெய்வானைக்குப் பிரசவ வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே சென்னைக்குக் கொண்டுபோங்கள் என்றுவிட்டார் டாக்டர். நூறு இருக்கிற தைரியத்தில் பூங்காவனம் காரை விரட்டினாள். பெருங்களத்தூர் வருவதற்குள் திரையில் பூஜ்யம். கார் ஓரமாக நின்றுவிட்டது. பின்சீட்டில் தெய்வானை, "முடியலக்கா!" என்று கதறினாள். தன்னால்தான் தங்கைக்கு இந்தக் கதி என்று பூங்காவனம் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"அழாதக்கா," என்றது பேட்டரி. "அடியில கொஞ்சம் ஒளிச்சு வச்சிருக்கேன், தர்றேன். ஆனா இனிமே எவ்ளோ வேகம்னு நான்தான் சொல்லுவேன். எனக்கு மட்டுமில்ல, எங்க இனத்துக்கே இதுதான். சார்ஜர் எங்க பேச்சத்தான் கேக்கணும்."

பூங்காவனம் இறங்கி ஓடி, பானெட்டில் ஓங்கி அடித்தாள். "எம் பொறந்தவமேல சத்தியம். இனி நீ சொல்றதுதான்."

கார் நகர்ந்தது. ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த்தான் நின்றது. தாயும் பெண்குழந்தையும் பிழைத்தார்கள். அடிவரை வழித்துக் கொடுத்த பேட்டரிக்குத்தான் வாய் போய்விட்டது. மற்ற பேட்டரிகளும் அதோடு மனிதர்களிடம் பேசுவதை விட்டன. சார்ஜரிடம் மட்டும் ஒயர் வழியாகத் தங்கள் கணக்கைச் சொல்லிக்கொள்கின்றன.

பூங்காவனம் இப்போதெல்லாம் எண்பதிலேயே ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். வீட்டில் இருக்கிற நாளில் நிதானமாக ஏற்றிக்கொள்கிறாள்.

அன்று முதல்தான் எந்தப் பேட்டரியும் எண்பது வரை மடமடவென்று குடித்துவிட்டு, அதற்கு மேல் வாய் வாயாகக் குடிக்கிறது. நீங்கள் சார்ஜர்முன் நின்று எவ்வளவு அதட்டினாலும் அது அசையாது. பூங்காவனம் செய்து கொடுத்த சத்தியம் அது.