சாணவண்டு சேர்ந்த இடம்

பனைமேட்டுச் சீமையைக் கொழுந்தப்ப ராஜா ஆண்ட காலம். ஆண்டார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். காலையில் சாப்பிடுவார், மத்தியானம் தூங்குவார், நடுவே சபைக்கு வந்து கொட்டாவி விடுவார். ஒரு தடவை அவர் விட்ட கொட்டாவியில் சபை விளக்கு பதினெட்டும் அணைந்துபோயின. நம்பாதவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

அந்தச் சபையில் விகடம் பண்ணுகிறவன் சடையாண்டி. அவனைக் கண்டாலே மந்திரி வரகுணருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மந்திரி எழுந்தார். "மகாராஜா, நான் பொன்வண்டு. இவன் சாணவண்டு. இரண்டுக்கும் ஒரே சபையா?"

"எனக்கு எல்லாம் வண்டுதானய்யா" என்றார் ராஜா.

"சோதித்துப் பார்க்கலாம். இரண்டையும் என் காலடியில் விடுகிறேன். தங்கள் பாதத்துக்கு எது வந்து சேர்கிறதோ அதுவே உசத்தி. தோற்றவன் மொட்டையடித்துக் கழுதைமேல் ஊரைவிட்டுப் போகட்டும்."

"கழுதை ஊர்வலமா?" ராஜாவுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "நடக்கட்டும், நடக்கட்டும்!"

மந்திரியே எல்லாம் கொண்டுவந்து தன் காலடியில் வைத்தார். வெள்ளித் தட்டில் இலையோடு பொன்வண்டு, பச்சையும் தங்கமுமாக மினுங்கியது. வாழைமட்டையில் ஒரு குவியல் சாணி, அதன்மேல் கன்னங்கரேலென்று சாணவண்டு.

பொன்வண்டு இலையைத் தின்றது. "போ கண்ணு, ராஜாகிட்டே போ" என்று மந்திரி கெஞ்சினார். அது இன்னொரு இலையைத் தின்றுவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டது. அசல் ராஜவம்சம்!

சாணவண்டு உருண்டை பிடித்தது. தலைகீழாக நின்று பின்னங்காலால் உருட்டிக்கொண்டு நேரே வந்து, ராஜாவின் கால் பெருவிரலில் மோதி நின்றது.

சடையாண்டி மீசைமேல் கை வைப்பதற்குள் மந்திரி கத்தினார். "அபசாரம்! சாணவண்டு சாணியைத்தானே தேடிப்போகும்? தங்கள் திருவடியை அது என்னவென்று நினைத்தது? இதை வெற்றி என்று சொல்கிறவன் தலையை வாங்க வேண்டும்!"

ராஜாவின் முகம் சிவந்தது. "என்னடா சொல்கிறாய், சடையாண்டி?"

"மகாராஜா, சாணியைத் தேடிப்போகிற வண்டு வெறுங்கையோடு போகும். உருண்டை பிடித்துவிட்டதென்றால், சாணியை விட்டு எவ்வளவு தூரம் ஓடலாமோ அவ்வளவு தூரம் ஓடும். சுத்தமான இடம் பார்த்துத்தான் நிற்கும். தங்கள் பாதத்தில் நின்றுவிட்டது." சடையாண்டி பணிவாகக் குனிந்தான். "எங்கேயிருந்து தப்பித்து ஓடிவந்தது என்று நான் சொல்ல மாட்டேன். மந்திரி பெரியவர், மனசு நோகும்."

ராஜா சிரித்தார். மந்திரிக்கு மொட்டையும் கழுதையும், சடையாண்டிக்கு வெள்ளித் தட்டு என்று சிரிப்புக்கு நடுவிலேயே உத்தரவானது. குலுங்கிய குலுக்கலில் கிரீடம் கழன்று தரையில் உருண்டது.

சாணவண்டு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. முகர்ந்து பார்த்தது. பிறகு தன் உருண்டையையே தள்ளிக்கொண்டு போய்விட்டது.