சீர்த்தட்டில் ஏறிய லைசென்ஸ்

கதையைக் கேட்டுவிட்டு "ஆளுக்குக் கொஞ்சம் தப்பு இருக்கு" என்று மழுப்புகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். கடைசியில் ஒரே கேள்வி வரும். அதற்கு ஒரே பதில்தான் உண்டு.

அம்பாசமுத்திரத்தில் பிரம்மசக்தி என்று ஒரு பெண். வீட்டில் பிரமு. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திக்கொண்டவளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்தே பில் பதிகிற வேலை. கம்பெனி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஓ.எஸ். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலாக இருக்க வேண்டும், அதுவும் ப்ரோ பதிப்பு. ஹோம் பதிப்பில் அவர்களுடைய லாகின் சேராது. ஆவணியில் ஒரு திங்கட்கிழமை காலை லாகின் ஆகாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

பிரமுவிடம் இருந்தது பழைய கம்ப்யூட்டர் பெட்டி. லைசென்ஸ் கிடையாது. "அது என் பொறுப்பு" என்று மார்தட்டினார் தாய்மாமன் சுடலைமுத்து. ஆடித் தள்ளுபடியில் வாங்கவும் செய்தார். கடைக்காரன் நல்லவன், விவரமாகவே சொன்னான்.

"அண்ணாச்சி, முழு விலை லைசென்ஸ்னா ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து கழத்தி இன்னொண்ணுல போட்டுக்கிடலாம். தள்ளுபடியில வாறது அப்படி இல்ல. முதல்ல எதுல ஏறுதோ, கடைசி வரைக்கும் அதுலதான்."

"கல்யாணம் மாதிரின்னு சொல்லு" என்று சிரித்தார் மாமா. தள்ளுபடியையே எடுத்தார்.

ஒரு அட்டை. அதில் கீ நம்பர், மேலே சுரண்டுகிற பூச்சு. "இப்பவே தாங்க மாமா, ஏத்திருதேன்" என்று பிரமு கெஞ்சினாள். அவர் கேட்கவில்லை. ஆவணியில் பிரமு வீட்டில் பால்காய்ச்சு, புது வீடு புகுகிற விசேஷம். தன் தங்கச்சிக்கு, அதாவது பிரமுவின் அம்மாவுக்குச் சீர் கொண்டுவரும்போது அதுவும் தட்டில் வர வேண்டுமாம். பிரமுவின் அப்பா வீட்டு ஆட்கள் வாயைப் பிளக்க வேண்டுமாம். பிள்ளையின் வேலையைவிட மாமாவுக்குத் தட்டு பெரிது.

பால்காய்ச்சு வந்தது. திங்கட்கிழமைக்கு முந்தின நாள். நையாண்டி மேளத்தோடு சீர் வந்தது. அரிசி, குத்துவிளக்கு, பட்டுச்சேலை, நடுவில் வெற்றிலைமேல் அந்த அட்டை. சபை நடுவே மாமா ஒரு நாணயத்தை எடுத்துப் பூச்சைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"மாமா, சுரண்டாதீங்க!"

"மூடிக் கெடந்தா ரீசார்ஜ் கார்டுன்னு நெனச்சிருவானுவ, பிள்ள. ப்ரோவாக்கும்!"

அவர் மனைவி செண்பகம் அத்தை கிட்டத்தில் போய்ப் படம் எடுத்தாள். நம்பர் ஒவ்வொன்றும் பளிச்சென்று விழுந்தது. 'எங்க வீட்டுச் சீர்' என்று எழுதிச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் போட்டாள். கை கூப்பினார்கள், பூங்கொத்து அனுப்பினார்கள். ஒருவனாவது 'நம்பரை மறைங்கம்மா' என்று சொல்லவில்லை.

பந்தி முடிந்து பிரமு கீயைத் தன் பெட்டியில் அடித்தாள். வேறு கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பயன்பட்டுவிட்டது என்று திரை சொன்னது. யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அப்பாவின் தம்பி நயினார் தானே குரூப்பில் பெருமையடித்திருந்தார்: 'நானும் ப்ரோ ஆயிட்டேன்.'

பக்கத்துத் தெருதான். பிரமு போய்க் கேட்டாள்.

"சித்தப்பா, அது என் கீ."

"ஏட்டி, குரூப்ல போட்டா எல்லாருக்கும்தான? பந்தியில வச்ச அப்பளத்த எடுத்தா களவா?"

"உங்ககிட்டதான் ஒரிஜினல் ஹோம் இருந்துச்சே. நீங்க ஆடுற சீட்டுக்கும் பாக்குற சீரியலுக்கும் ப்ரோ எதுக்கு?"

"பெருசு பெருசுதானட்டி."

"அதுல என்ன கூடுதலா இருக்கு? ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

நயினார் யோசித்தார். "பேரு கூடுதலா இருக்குல்லா" என்றார்.

எல்லாரும் கூடினார்கள். மாமா சொன்னார்: "சபையில வச்சாச்சு. என் சீர் முடிஞ்சுது. வேணும்னா அடுத்த ஆடிக்குப் பாப்போம்." அத்தை சொன்னாள்: "படம் எடுக்காம என்னத்துக்குச் சீர்?" தம்பியை ஒரு சொல் சொல்லத் துணிவில்லாத அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். எவனோ திருட்டு ஓ.எஸ். போட்டுக்கச் சொன்னான். கம்பெனி அதைப் பார்த்தவுடனே வெளியே தள்ளும்.

கடைசியில் நயினார் பெரிய மனசு பண்ணினார். "சரிட்டி, கீ உன்னோடதுதான், ஒத்துக்கிடுதேன். கழத்த முடிஞ்சா கழத்தி எடுத்துக்கோ. ஆனா பெட்டி என்னோடது." கழற்ற முடியாது என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் அந்தச் சிரிப்பு.

இப்போது சொல்லுங்கள். கீ பிரமுவுடையது. பெட்டி நயினாருடையது. இரண்டையும் பிரிக்க முடியாது. விடிந்தால் திங்கட்கிழமை. பிரமு யாரிடம் போய் எதைக் கேட்பது நியாயம்?

விடை: மாமாவிடம் இல்லை, அத்தையிடமும் இல்லை. அவர்கள் செய்தது அசட்டுத்தனம். அசட்டுத்தனத்துக்குத் திட்டலாம், தண்டனை போட முடியாது. நயினார் செய்தது வேறு. அத்தனை எழுத்தையும் படத்தில் பார்த்துப் பார்த்து ஒன்று விடாமல் அடிப்பது யாருக்கும் கை தவறி நடப்பதில்லை. அடுத்தவள் பொருளைத் தன் பொருளோடு ஒட்டியவர் அவர். பிரியாது என்றால் அந்த நஷ்டம் ஒட்டியவருக்குத்தான், உடையவளுக்கு இல்லை. ஆகவே கீ இருக்கிற பெட்டியே கீக்கு உடையவளிடம் வர வேண்டும். பிரமுவின் பெட்டிக்கு அவர் முழு விலையில் ஒரு ப்ரோ வாங்கிப் போடுகிற நாளில் தன்னுடையதைத் திருப்பிக்கொள்ளலாம். பிரமு அதைத்தான் செய்தாள். நயினாரின் சீட்டாட்டத்தை ஒரு பென்டிரைவில் ஏற்றி அவர் கையில் கொடுத்தாள். ஒயர்களைப் பிடுங்கினாள், பெட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "கழத்த முடியலை சித்தப்பா. அதான் மொத்தமா எடுத்துட்டுப் போறேன்."