மேஜருக்கு ஒரு நேயர் வாழ்த்து

பிலிப்பைன்ஸில் ராணுவச் சட்டம் அமலில் இருந்த காலம். ஒரு சின்னத் தீவின் வானொலி நிலையத்தில் அன்று இருந்தவர்கள் நான்கு பேர்: முதலாளி எல்பிடியோ, அறிவிப்பாளர் ரூபன், தணிக்கை அதிகாரி மேஜர் பாலிங்கிட், நேயர் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் செபெரினா.

புயல் வருகிறதென்று பக்கத்துத் தீவிலிருந்து தந்தி வந்தது. சாயங்காலம் முப்பத்தேழு படகுகள் கடலுக்குப் போக இருந்தன. அதில் ஒன்று செபெரினாவின் புருஷனுடையது.

"தலைநகரிலிருந்து முத்திரையோடு செய்தி வரட்டும். அதுவரை புயல் என்று யாராவது வாய் திறந்தால் நிலையத்துக்குப் பூட்டு!" என்றார் மேஜர். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

செபெரினா மெதுவாகக் கேட்டாள். "நேயர் வாழ்த்துக்கும் முத்திரை வேணுங்களா, ஐயா?"

"வாழ்த்துக்கு எதற்கு?"

"உங்களுக்கு நன்றி சொல்லி ஒன்று இருக்குங்க."

"அப்படியா! இரண்டு தரம் வாசிக்கச் சொல்."

நேயர் வாழ்த்து, படகுக்காரர்கள் கிளம்புமுன் தவறாமல் கேட்கும் நிகழ்ச்சி. ரூபன் வாசித்தார்: "இன்று ஒரு படகும் கடலுக்குப் போகாமல் எல்லாவற்றையும் மாதா கோயில் மேட்டில் ஏற்றச் சொன்ன மேஜர் பாலிங்கிட் அவர்களுக்கு எங்கள் நன்றி." இரண்டாம் தரமும் வாசித்தார்.

மேஜர் குதித்தார். "நான் எப்போது சொன்னேன்?"

"நீங்கள் சொல்லவே இல்லை என்று மறுப்பு வாசிக்கச் சொல்லட்டுங்களா? புயல் வந்தால் ஊர் உங்களைத்தானே கேட்கும், ஐயா," என்றாள் செபெரினா.

மேஜர் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிரவு புயல் அடித்து ஓய்ந்தது. காலையில் மீனவர்கள் இளநீர்க் குலைகளோடு வந்து, அந்த ஊர் மரியாதைப்படி மேஜரின் கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. "குலைகளைச் செபெரினாவிடம் கொடுங்கள். சொன்னது அவள்தான்," என்றார்.

மத்தியானம் தலைநகரிலிருந்து முத்திரையோடு புயல் எச்சரிக்கை வந்தது. அப்போது கோயில் மேட்டில் இருந்த படகுகள் முப்பத்தேழு.